எட்டாம் வகுப்புக்கு ரக்பி: டேக்கா, டச்சா, நேராக டேக்கிளா?

40 பிள்ளைகள், 40 நிமிடம், 4 பந்து. சென்னைப் பள்ளி ஒன்றில் ரக்பி சொல்லிக்கொடுக்க நினைக்கும் பி.டி. மாஸ்டருக்குக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்கும். அதிலும் வகுப்பிலிருந்து கிரவுண்டுக்கு இறங்கி, வரிசையில் நின்று, ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் 10 நிமிடம் போய்விடும். மிச்ச நேரத்தில் எந்த வகை ரக்பியை ஆடவைப்பது, பாஸை எப்படிச் சொல்லித்தருவது, யாரை யாரோடு சேர்ப்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் கைவசம் இருக்கும் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ரக்பி இந்த ஊருக்குப் புதிதில்லை. 1884இல் தொடங்கிய மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பில் வெள்ளைக்காரர் காலத்திலேயே ஆடியிருக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் கிளப் வேலிக்குள் நின்றுபோன ஆட்டம். 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை சென்னை புல்ஸ் அணி ஜெயித்தது. அதன் பிறகு பிள்ளைகளே கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மனதில் இருப்பது ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளும் காட்சிதான். அவர்களை எடுத்த எடுப்பில் ஏமாற்றவும் கூடாது, அந்தக் காட்சியை அப்படியே கிரவுண்டில் இறக்கவும் கூடாது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே. என்னுடையது எளிது. வகுப்பில் கூச்சம் அதிகமான பிள்ளையின் கைக்கு, அல்லது ஓட்டம் குறைவான பிள்ளையின் கைக்கு, ஒரு பீரியடில் பந்து எத்தனை முறை வருகிறது? வந்த பந்தை வைத்து அந்தப் பிள்ளையால் ஏதாவது செய்ய முடிகிறதா, இல்லை வாங்கியதுமே யாராவது பிடுங்கிவிடுகிறார்களா? கால்பந்தில் இந்தப் பிள்ளையை கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்திவிடுவோம். கிரிக்கெட்டில் பவுண்டரிப் பக்கம் அனுப்பிவிடுவோம். ரக்பியில் அப்படி ஒதுக்குவது கொஞ்சம் கஷ்டம். கையால் போடும் பந்து முன்னால் போகக்கூடாது என்பதுதான் இந்த ஆட்டத்தின் ஆதார விதி. பந்து வைத்திருப்பவன் எவ்வளவு வேகமானவனாக இருந்தாலும், அவனுக்கு உதவி பின்னால் வருகிறவர்களிடமிருந்துதான் கிடைக்கும். வேகம் குறைந்த பிள்ளை இயல்பாக நிற்கும் இடமும் அதுதான். இந்த நல்ல குணத்தை எந்த வகை ஆட்டம் காப்பாற்றுகிறது, எது கெடுக்கிறது என்று பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும்.

டேக்கிள்: பி.டி. பீரியடுக்கு வேண்டாம்

இதை நீட்ட வேண்டியதில்லை. ஓடி வருகிறவனை இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்ப்பதற்குத் தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும், எப்படி விழ வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்லித்தர வேண்டும். 40 பேருக்கு ஒரே மாஸ்டர் என்றால் அது நடக்காது. நம் பள்ளி கிரவுண்டுகள் பலவற்றில் புல்லே கிடையாது. செம்மண்ணும் சரளையும்தான், ஓரத்தில் சிமெண்ட் கட்டை வேறு. ரக்பி பிறந்த நாட்டிலேயே, பள்ளி ஆட்டங்களில் டேக்கிளை நிறுத்தச் சொல்லி 2016இல் 70க்கும் மேற்பட்ட மருத்துவர்களும் கல்வியாளர்களும் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். தலையில் படும் அடிதான் அவர்களுடைய முக்கியக் கவலை.

"நம்ம பசங்க கபடி ஆடுறவங்கதானே சார், இடிக்கப் பிடிக்கத் தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியும், சிக்கலே அதுதான். கபடியில் பிடிப்பவர்கள் சங்கிலி போட்டு, ஏறி வருகிறவனின் வேகம் குறையும் நேரம் பார்த்துப் பிடிக்கிறார்கள். ரக்பியில் இரண்டு பக்கமும் முழு ஓட்டத்தில் வரும். கபடிப் பழக்கத்தில் கணுக்காலுக்குப் பாய்கிற பையன், எதிரே வரும் முழங்காலில் முகத்தைக் கொண்டுபோய் வைப்பான். டேக்கிள் ஆசை இருப்பவர்களை, பயிற்சியாளரும் புல்தரையும் உள்ள கிளப்புக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே அனுப்புங்கள்.

டச்சும் டேக்கும்

இங்கேதான் நிஜமான போட்டி. இரண்டிலுமே இடிப்பது கிடையாது. டச்சில் பந்து வைத்திருப்பவரைக் கையால் தொட்டால் போதும். டேக்கில், இடுப்பு பெல்ட்டின் இரு பக்கமும் தொங்கும் துணிப்பட்டைகளில் ஒன்றை உருவ வேண்டும்.

டச்சின் பெரிய பலம் அதற்கு எதுவும் வேண்டாம் என்பது. பந்தும் நான்கு கோன்களும் இருந்தால் ஆட்டம் தயார். 1960களில் ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் (பக்கத்துக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகை) வீரர்களுக்கான பயிற்சியாகத் தொடங்கியது, இன்று தனி விளையாட்டாகவே வளர்ந்து நிற்கிறது. களத்தில் பக்கத்துக்கு 6 பேர், 70க்கு 50 மீட்டர் மைதானம், 6 முறை தொடப்பட்டால் பந்து எதிரணிக்கு. ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் பிரிவு சர்வதேசப் போட்டிகளிலேயே உண்டு. விறுவிறுப்பான ஆட்டம், குறை சொல்ல முடியாது.

பள்ளியில் அதை ஆடவைத்துப் பார்த்தால் மூன்று இடங்களில் இடிக்கும். முதலாவது தகராறு. "தொட்டேன்டா!" "படவே இல்லடா!" என்று நாலு கிரவுண்டிலும் ஒரே நேரத்தில் பஞ்சாயத்து நடக்கும்போது ஒரு மாஸ்டர் எங்கே போய்த் தீர்ப்பு சொல்வார்? டேக்கில் உருவிய பட்டை கையில் இருக்கிறது. அதைத் தூக்கிக்காட்டி "டேக்!" என்று கத்தினால் விஷயம் முடிந்தது.

இரண்டாவது, பலரும் வெளியே சொல்லத் தயங்குவது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பையன் பெண்ணைத் தொட வேண்டியிருக்கும் ஆட்டம் என்றால் பாதிப் பெண்கள் முதல் நாளே ஒதுங்கிவிடுவார்கள். பையன்களும் தொடத் தயங்கி அவர்களை விட்டு விலகி ஓடுவார்கள். அடுத்த வாரம் பெற்றோர் யாராவது தலைமையாசிரியர் அறைக்கு வருவார். இது சரியா தவறா என்று விவாதிக்கலாம்தான், ஆனால் பி.டி. பீரியடில் அதற்கு நேரம் இல்லை. டேக்கில் கை படுவது துணியில் மட்டும். சுடிதார் போடும் பிள்ளைகள் பெல்ட்டை டாப்ஸுக்கு மேலே கட்டிக்கொண்டு, துப்பட்டா போடும் வழக்கம் இருந்தால் அதைக் குறுக்காக முடிந்துகொண்டால் சரி. டாப்ஸுக்குள் பெல்ட் போனால் பட்டை வெளியே தெரியாது. அதற்கும் ஒரு சண்டை வரும்.

மூன்றாவதுதான் என்னை டேக் பக்கம் முழுசாகச் சாய்த்த விஷயம். டச்சில் தொடப்பட்டவர் பந்தைத் தரையில் வைத்துவிட்டுத் தாண்டிப் போவார். பின்னால் நிற்கும் இன்னொருவர் அதை எடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார். அந்த இன்னொருவர் யார்? எப்போதும் வகுப்பின் சூட்டிகையான அதே பையன். தொடப்பட்ட பிள்ளைக்குப் பந்தைக் கீழே வைத்ததோடு வேலை முடிந்தது, பாஸ் போடவே வாய்ப்பில்லை. டேக்கில் நிலைமை நேர் எதிர். பட்டை போனவர் 3 நொடிக்குள் நின்று தானே பாஸ் கொடுக்க வேண்டும். அந்த 3 நொடி அவருடையது, பந்தை யாரும் கையிலிருந்து பிடுங்கக்கூடாது. ஓட்டம் குறைவான பிள்ளை சீக்கிரமே மாட்டிக்கொள்ளும்தான். ஆனால் மாட்டியதுமே அதற்கு நின்ற இடத்தில், நிதானமாக, உண்மையான ஆட்டத்துக்கு நடுவே ஒரு பாஸ் போடக் கிடைக்கிறது. பாஸ் பழக இதைவிட நல்ல நேரத்தை நாமாக உட்கார்ந்து யோசித்தாலும் உருவாக்க முடியாது.

டேக்குக்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. இங்கிலாந்தில் 7, 8 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் டேக் ஆட்டம், 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலேயே டேக்கிள் ஆரம்பித்துவிடும். "அது சின்னப் பசங்க ஆட்டம் சார்" என்று யூடியூப் பார்த்துவிட்டு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன் சொல்வான். அவனிடம் இரண்டு விஷயம் சொல்லலாம். அந்த ஊர்ப் பிள்ளை ஆறு, ஏழு வயதிலேயே அந்தப் பந்தைக் கையில் பிடித்துவிட்டது, நீ பிடித்தது போன செவ்வாய்க்கிழமை. அப்புறம், ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் வேலைக்குப் போகும் பெரியவர்கள் சாயங்காலம் லீக் வைத்து டேக் ஆடுகிறார்கள். இரண்டையும் சொல்லிவிட்டு, வேகமாகப் பக்கவாட்டில் மாறி ஓடும் ஒரு பெண்ணின் பட்டையை உருவச் சொல்லுங்கள். சின்னப் பசங்க ஆட்டம் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

பெல்ட்டுக்குக் காசு இல்லை என்றால் அதுவும் தடையில்லை. பழைய வேட்டியை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, பேண்ட் இடுப்பில் இரு பக்கமும் செருகிக்கொண்டாலே ஆட்டம் நடக்கும். இழுத்தால் உருவி வர வேண்டும், முடிச்சுப் போட விடாதீர்கள். கொஞ்சம் பணம் இருந்தால் வெல்க்ரோ வைத்துத் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். பட்டைகளுக்குச் சிவப்பு, பச்சை என்று இரண்டு நிறம் எடுக்காதீர்கள். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத பையன் வகுப்பில் இருக்கலாம், அவனுக்கே அது தெரியாமல் இருக்கலாம். நீலமும் மஞ்சளும் எடுங்கள்.

உலக அளவில் ரக்பியை நிர்வகிக்கும் வேர்ல்டு ரக்பி அமைப்பு 2023இல் டி1 என்று இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. இடிப்பது இல்லாமலே ஸ்க்ரம் (இரு அணியும் எதிரெதிரே குனிந்து நின்று ஆட்டத்தை மறுபடி தொடங்குவது), லைன் அவுட் (வெளியே போன பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து எறிந்து தொடங்குவது), உதை எல்லாம் அதில் உண்டு. டேக்கில் ஒரு வருடம் ஆடிய பத்தாம் வகுப்புக்கு நல்ல அடுத்த படி. முதல் வருடத்துக்கு விதிகள் அதிகம்.

பாஸ்: வரிசைப் பயிற்சியா, ஆட்டமா?

நம் ஊரில் பாஸ் என்றால் உடனே வரிசைதான். பத்துப் பத்துப் பேராக நிற்கவைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பந்தைக் கடத்தச் சொல்வோம். பார்க்க ஒழுங்காக இருக்கும், தலைமையாசிரியருக்கும் பிடிக்கும். கணக்கும் மோசமில்லை. 3 நொடிக்கு ஒரு பாஸ் என்றால் 10 நிமிடத்தில் ஒரு பந்து 200 கை மாறும், ஆளுக்கு 20 என்று சமமாக வரும். கூச்சமான பிள்ளைக்கும் அதே 20தான். ஆனால் அந்த 20 பாஸிலும் எதிரே யாரும் இல்லை. எப்போது போடுவது, யாருக்குப் போடுவது என்ற கேள்வியே எழவில்லை. ஆட்டம் தொடங்கியதும் அந்த அழகான பாஸ் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

மறுபக்கம், முதலில் ஆட்டம் என்ற வழி. 1982இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் பங்கர், தோர்ப் என்ற இருவர், ஆட்டத்தைப் புரியவைத்துவிட்டு அதற்குப் பிறகு நுட்பத்தைச் சொல்லித்தரலாம் என்று ஒரு முறையை முன்வைத்தார்கள். உடற்கல்விப் படிப்பு படித்தவர்கள் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், வந்ததுமே ஆட்டம்தானே. ஆனால் இங்கே பந்து சமமாகப் போகாது. நன்றாக ஓடும் மூன்று பேர் நாள் முழுக்கத் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்வார்கள்.

நான் தேர்ந்தெடுப்பது இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு சின்ன ஆட்டம்: தாக்க இருவர், தடுக்க ஒருவர். 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளம். பந்து வைத்திருப்பவர் தடுப்பவரை நோக்கி நேராக ஓட வேண்டும். தடுப்பவர் தன்னை நோக்கி வந்து கட்டுப்பட்ட அந்தக் கணத்தில், பட்டை போவதற்குள் பக்கத்தில் வருபவருக்குப் போட வேண்டும். சீக்கிரம் போட்டால் தடுப்பவர் நகர்ந்துவிடுவார், தாமதித்தால் பட்டை போய்விடும். ரக்பி பாஸின் சாரம் மொத்தமும் இந்த ஒரு முடிவில் இருக்கிறது. ஓடுபவர் பக்கவாட்டில் விலகி ஓடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. தடுப்பவரைத் தவிர்க்க வேண்டும் என்று உடம்பு தானாக விலகும். "அவன் மேலேயே போ, அப்புறம் போடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஆள் இருவர்தான் என்பதால் யாரையும் ஒதுக்க வழியில்லை. பந்து வராத பிள்ளை என்று ஒருவர் இருக்கவே முடியாது. பிறகு மூவருக்கு இருவர் என்று கூட்டிக்கொண்டு போகலாம்.

வரிசைப் பயிற்சியை முழுசாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பீரியடின் ஆரம்பத்தில் 5 நிமிடம், நடந்துகொண்டே, நாலு நாலு பேராக. அதில் பார்க்க வேண்டியது போடுபவரைவிட வாங்குபவரை. பந்து வருவதற்கு முன்பே இரண்டு கையும் நெஞ்சுயரத்தில், விரல் விரிந்து, போடுபவர் பக்கம் திரும்பி நீட்டியிருக்க வேண்டும். நெஞ்சில் அணைத்து வாங்கினால் அடுத்த பாஸுக்கு நேரம் போய்விடும். போடுபவர் பந்தின் இரு பக்கமும் விரல் விரித்துப் பிடித்து, உடம்புக்குக் குறுக்கே வீசி, கடைசியில் விரல் நுனி அந்தக் கைகளைக் காட்டும்படி முடிக்க வேண்டும். ஓடிவருபவருக்குக் கொஞ்சம் முன்னால் போடுவது, ஆனால் தன் கோட்டுக்குப் பின்னால் போடுவது. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எல்லோருக்குமே கொஞ்ச நாள் பிடிக்கும். வலது பக்கம், இடது பக்கம் இரண்டுக்கும் சம எண்ணிக்கையில் போடவையுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் ஒரே பக்கம் மட்டுமே ஆடும் அணியாகிவிடும்.

சுழன்று போகும் ஸ்பின் பாஸா, சுழலாத நேர் பாஸா என்று கேட்டால், முதல் இரண்டு மாதத்துக்கு நேர் பாஸ்தான். ஸ்பின் பார்க்க அழகு, தூரமும் போகும். ஆனால் பந்து வாங்கத் தெரியாத பிள்ளைக்கு நாலு மீட்டரிலிருந்து ஸ்பின் போட்டால் விரல் சுளுக்கும். பந்தைப் பார்த்தாலே பயம் வந்துவிடும். பக்கத்துக்கு 5 பேர் ஆடும் சின்ன கிரவுண்டில் அந்தத் தூரம் தேவையும் இல்லை.

நம் பிள்ளைகளிடம் மாற்ற வேண்டிய ஒரு பழக்கம், பந்துக்கு முன்னால் ஓடுவது. கால்பந்தும் கூடைப்பந்தும் கற்றுக்கொடுத்தது அது. முன்னால் ஓடிவிட்டு "மச்சி, பாஸ் பாஸ்" என்று கை தூக்குவார்கள். திட்ட வேண்டாம். முன்னால் இருப்பவர் கூப்பிடக்கூடாது, பின்னால் வருபவர் மட்டும்தான் குரல் கொடுக்கலாம் என்று ஒரு விதி போடுங்கள். குரல் வரும் திசையில் பாஸ் தானாகத் திரும்பும்.

உருண்டைப் பந்தில் ஆரம்பிக்கலாமா என்ற கேள்வியும் வரும். த்ரோபால் ஆடும் பிள்ளைகள் இந்த ஊரில் அதிகம். அந்த ஆட்டமே 1940களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகச் சென்னையில் பரவியது. அதில் பழகிய பெண்களுக்கு இரண்டு கையால் பிடிப்பது கைவந்த கலை, முதல் பீரியடில் அவர்கள் பையன்களைவிடத் தெளிவாக வாங்குவார்கள். அதனால் உருண்டைப் பந்துக்கு அவசியம் இல்லை. பந்து பற்றாவிட்டால் மட்டும் த்ரோபாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீள்பந்தில் 4ஆம் அளவு 10 முதல் 14 வயதுக்கானது. பெரியவர்கள் ஆடும் 5ஆம் அளவு 410 முதல் 460 கிராம் எடை, எட்டாம் வகுப்புக் கைக்கு அது பெரிசு. பெரியமேட்டுக் கடைகளில் வாங்கும்போது அளவு எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

யாரை யாரோடு

அணி பிரிப்பதில் மிக மோசமான வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இரண்டு கேப்டன், மாற்றி மாற்றிப் பெயர் சொல்வது. கடைசியாகக் கூப்பிடப்படும் பிள்ளைக்கு அந்தப் பீரியட் அங்கேயே முடிந்தது. இதை நிறுத்த யோசிக்கக்கூட வேண்டியதில்லை, மாஸ்டரே பிரித்துவிட்டு வந்தால் போயிற்று.

அதற்கு மேல்தான் சிக்கல். கலந்து பிரித்த அணியிலும் பந்து நாலு பேருக்குள்ளேயே சுற்றும். அதை உடைக்க வழக்கமாகப் போடும் விதிகள் இரண்டு. ஒன்று, எல்லோர் கையும் பட்ட பிறகுதான் டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) செல்லும் என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பதோ வேறு. கோட்டுக்கு அருகே போய்விட்டு, "இந்தா பிடி, குடு" என்று அந்தப் பிள்ளை கையில் பந்தை ஒரு நொடி வைத்து எடுத்துக்கொள்வார்கள், கோயில் வரிசையில் முத்திரை குத்துவது போல. இன்னொன்று, பெண் டிரை வைத்தால் இரட்டைப் புள்ளி. இதைவிட எனக்குப் பிடிக்காத விதி கிடையாது. நன்றாக ஆடும் பெண்ணை அது அவமானப்படுத்துகிறது. ஆட வராத பெண்ணைக் கோட்டருகே தூண் மாதிரி நிற்கவைக்கிறது. நம் நாட்டுப் பெண்கள் அணி 2019இல் சிங்கப்பூரை வென்று 15 பேர் ஆட்டத்தில் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றது. யாரும் இரட்டைப் புள்ளி கொடுக்கவில்லை.

நான் சொல்லும் விதி வேறு. பக்கத்துக்கு 5 பேர், ஓர் அணிக்கு 5 டேக் வரை ஆடலாம், ஆனால் ஒருவருக்கு ஒரு டேக்தான். ஏற்கெனவே பட்டை இழந்தவர் மறுபடி பந்தோடு மாட்டினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேகமான பையன் முதல் ஓட்டத்தில் டேக் ஆகிவிட்டான். இனி அவன் பந்தை வாங்கலாம், ஆனால் மாட்டாமல் உடனே கைமாற்ற வேண்டும். இன்னும் டேக் ஆகாமல் மிச்சமிருப்பது யார்? மெதுவான பிள்ளைதான். அதன் கையில் பந்து போனால் அணிக்கு இன்னொரு வாய்ப்பு மிஞ்சும். இப்போது அந்தப் பிள்ளைக்குப் பந்து தருவது யாருடைய பெருந்தன்மையும் இல்லை, அணிக்கே அதுதான் லாபம். "இன்னும் யார் இருக்கா? கவிதா இருக்கா, கவிதாக்குப் போடு" என்று பையன்களே கத்துவார்கள். நாலு பந்துக்கு நாலு கிரவுண்ட், கிரவுண்டுக்குப் பத்துப் பேர் என்று நம் ஆரம்பக் கணக்குக்கும் இது பொருந்தி வருகிறது. கிரவுண்ட் சின்னது என்றால் இரண்டில் ஆட்டம், இரண்டில் இருவருக்கு ஒருவர் பயிற்சி.

சக்கர நாற்காலி ரக்பியில் இதற்கு இன்னும் நுணுக்கமான ஏற்பாடு உண்டு. 1977இல் கனடாவின் வின்னிபெக்கில் உருவான ஆட்டம் அது. ஒவ்வொரு வீரருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 0.5 முதல் 3.5 வரை புள்ளி. களத்தில் இருக்கும் 4 பேரின் கூட்டுத்தொகை 8ஐத் தாண்டக்கூடாது. அதனால் குறைந்த புள்ளிக்காரர் இல்லாமல் அணியே அமையாது. பள்ளியிலும் அணி பிரிக்க இந்த யோசனை உதவும். ஆனால் எண்கள் மாஸ்டரின் நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே தெரிந்தால் "ஒண்ணரை" என்பது அந்தப் பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிடும்.

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை வகுப்பில் இருந்தால், ஓரமாக உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொல்வதுதான் நம் வழக்கம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமான வாய்ப்பைப் பள்ளி தர வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், டேக்கில் அது ஒன்றும் பெரிய கஷ்டமும் இல்லை. காது கேளாத பிள்ளை இருந்தால், குரலோடு கையையும் தூக்கிக் கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்குமே விதி ஆக்கிவிடலாம். விசிலோடு ஒரு கொடியும் வேண்டும். பார்வை குறைவான பிள்ளைக்குப் பளிச்சென்ற மஞ்சள் பந்து, போடுவதற்கு முன் பெயர் சொல்லிப் போடுவது. கூச்சல் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கிரவுண்டின் ஒரு விளிம்பில் நிலையான இடம் கொடுத்து, இருவருக்கு ஒருவர் ஆட்டத்திலேயே அதிக நாள் விடலாம். சக்கர நாற்காலியில் வருபவர் என்றால் செம்மண் கிரவுண்ட் ஆகாது, அன்றைய ஆட்டத்தைச் சிமெண்ட் கூடைப்பந்துக் கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும். சக்கர நாற்காலி ரக்பியே கூடைப்பந்துக் கோர்ட்டில்தான் நடக்கிறது, பந்தும் உருண்டை. பட்டையை நாற்காலியின் இரு பக்கமும் கட்டலாம். அங்கே மற்றவர்கள் ஓடாமல் வேகநடை மட்டும் நடக்க வேண்டும் என்று வைத்தால் நாற்காலிக்காரர்தான் வேகமானவர். அவரைப் பிடிக்க மற்றவர்கள் திணறுவதைப் பார்க்க வேண்டுமே!

அன்று ஆட முடியாதவர்கள் எப்போதும் இருப்பார்கள். மாதவிடாய் நாள், நோன்பு, காய்ச்சல் விட்ட மறுநாள். காரணம் கேட்காமல் அவர்களுக்கு நடுவர் வேலை கொடுங்கள். இன்னொருவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, யார் கைக்கு எத்தனை முறை பந்து வந்தது என்று கோடு போடச் சொல்லுங்கள். அந்தத் தாள்தான் நம் அளவுகோல். ஒரு பெயருக்கு எதிரே ஒன்றோ இரண்டோ கோடுதான் இருக்கிறது என்றால் அடுத்த பீரியடில் அணியை மாற்றுங்கள்.

இடமும் காலமும்

மெரினா, எலியட்ஸ் மணலில் ஆடுவது விழப் பயப்படும் பிள்ளைகளுக்கு நல்லது. மணலில் ஓட்டம் எடுபடாது, அதனால் எல்லோரும் பாஸை நம்புவார்கள். ஆனால் 40 பேரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலைப்பக்கம் யாரும் போகாமல் பார்த்துக் கூட்டிவருவது ஒரு சனிக்கிழமை வேலை, பீரியடுக்குள் அடங்காது. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப் வசதிதான், வாரா வாரம் கட்டுப்படியாகாது. பள்ளி கிரவுண்டே போதும், சரளையை மட்டும் முதல் நாள் பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்கிவிடுங்கள். ஜூன் கடைசியில் ஆரம்பித்து அக்டோபர் மழைக்குள் முதல் சுற்றை முடிக்கலாம். முதல் அல்லது கடைசி பீரியட் கேளுங்கள், மதிய வெயிலில் வேண்டாம்.

இந்தத் தேர்வு மாறக்கூடிய சூழ்நிலைகளும் உண்டு. பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி என்றால் தொடுவது பற்றிய தயக்கம் குறைவு, டச்சுக்கு இரண்டாவது மாதமே போகலாம். வகுப்பில் 20 பேர்தான் என்றால் தகராறைத் தீர்க்க மாஸ்டரே போதும். பத்தாம் வகுப்பில் ஏற்கெனவே ஒரு வருடம் டேக் ஆடியவர்கள் இருந்தால் டி1 நன்றாக எடுபடும். மண்டலப் போட்டிக்கு அணி அனுப்ப வேண்டும் என்று நிர்வாகம் அவசரப்பட்டால், அதற்குத் தனியாகச் சாயங்கால நேரம் கேளுங்கள். 40 பேரின் பீரியடைப் பன்னிரண்டு பேருக்கான பயிற்சியாக மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.